ஒளிவட்டமும் இரும்பு மனிதனும்

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் 15 பேர் புதுமையான ஒரு போட்டியில் இறங்கினார்கள். முதலில் கடலில் 3.86 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் மிதிவண்டியில் தீவைச் சுற்றி ஏறத்தாழ 180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அதன்பின் ஒரு முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓட வேண்டும். இம்மூன்றும் அந்தத் தீவில் முன்பே தனித்தனியாக நடந்து வந்த போட்டிகளை ஒட்டியவை. மூன்றையும் ஒருவரே ஒரே நாளில் முடித்தால் என்ன என்று கேட்டவர் ஜான் காலின்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. நீச்சல்காரர், மிதிவண்டிக்காரர், ஓட்டக்காரர் ஆகிய மூவருள் உடல்வலு மிக்கவர் யார் என்று நண்பர்களிடையே எழுந்த விவாதத்துக்கு முடிவு காண அவர் விரும்பினார். முதலில் முடிப்பவரை 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதன், என்று அழைப்போம் என்றும் சொன்னார். அன்று 12 பேர் போட்டியை முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

நீந்துதல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த 'டிரையத்லான்' என்னும் விளையாட்டு அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1974-இல், கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் சிறிய அளவில் தோன்றியிருந்தது. காலின்ஸ் அதிலும் கலந்துகொண்டவர். அவர் செய்தது அதன் தொலைவை மனித ஆற்றலின் எல்லைக்கே நீட்டியதுதான். 1981-இல் இரும்பு மனிதப் போட்டி ஹவாயின் பெரிய தீவிலுள்ள கோனா என்னும் ஊருக்கு மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியில், வெயிலும் எதிர்க்காற்றும் வாட்ட நடக்கும் போட்டி அது.

பெயர் இரும்பு என்றாலும் ஓடுகிறவனின் எலும்பு இரும்பால் ஆனதன்று. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது களைத்து ஒடிந்துவிடும். ஒடிந்தது தானாக ஒட்டாது. எலும்போ அளவான பாரம் ஏற ஏற வலுப்படும். முறிந்தாலும் தானே கூடும். ஆனால் அது கூடுவதற்கு ஒரு முறையும் ஒரு காலமும் உண்டு. எப்போது அசையாதிருக்க வேண்டும், எப்போது அசைய வேண்டும் என்பதை மனிதன் அறிந்துகொள்ளப் பல தலைமுறைகள் ஆயின. காயமுற்ற ஒரு வீரர் மறுபடியும் 226 கிலோமீட்டர் செல்ல முடிந்ததன் பின்னே அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

கோனாவில் ஒரு விபத்து

டிம் டான் என்பவர் இங்கிலாந்து நாட்டு வீரர். 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் டிரையத்லானில் கலந்துகொண்டவர். 2006-இல் குறைந்த தொலைவு டிரையத்லானில் உலக வெற்றியாளர். 2017 மே மாதம் பிரேசில் நாட்டின் புளோரியானோபோலிஸ் நகரில் நடந்த போட்டியில் 7 மணி 40 நிமிடம் 23 விநாடியில் முழுத் தொலைவையும் முடித்தார். அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் போட்டிகளில் அன்றுவரை அதுவே மிகக் குறைந்த நேரம்.

அதே ஆண்டு அக்டோபரில் உலகப் போட்டிக்காகக் கோனா சென்றார். போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது, பயிற்சிக்காகச் சாலையில் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்த அவர்மீது ஒரு வாகனம் மோதியது. கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு முறிந்தது.

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவது எலும்பு வளையம் போன்றது. அதன்மேல் மண்டையோடு அமர்ந்திருக்கிறது. இரண்டாவதில் முளை போன்ற ஒரு பகுதி மேல்நோக்கி நீண்டு, அந்த வளையத்துக்குள் அச்சாணியாக நிற்கிறது. நாம் தலையை இடமும் வலமும் திருப்பும்போது, திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கிடையே மட்டும் நிகழ்கிறது. இவற்றின் நடுவேதான் மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. இங்கே முறிந்த எலும்பு இடம் பெயர்ந்து தண்டுவடத்தை நசுக்கினால் கை கால்கள் செயலிழக்கலாம், மூச்சும் நிற்கலாம். தூக்கிலிடப்பட்டோரிடம் காணப்பட்ட முறிவு என்பதால் இரண்டாம் முள்ளெலும்பின் ஒருவகை முறிவுக்குத் தூக்கின் பெயரையே மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். நல்வாய்ப்பாக டானின் தண்டுவடம் தப்பியது.

இத்தகைய முறிவுக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. கழுத்துப் பட்டை அணிந்து காத்திருப்பது ஒன்று. அறுவை செய்து, அடுத்தடுத்த எலும்புகளைத் திருகாணியால் பிணைத்து ஒன்றாக்கிவிடுவது மற்றொன்று. மூன்றாவது, மண்டையோட்டிலேயே ஆணிகளால் ஒரு வளையத்தைப் பொருத்தி, அதை மார்புக் கவசத்தோடு கம்பிகளால் இணைத்து, கழுத்தை அசையாமல் நிறுத்துவது. பிணைப்பு அறுவை உறுதியானது. ஆனால் பிணைத்த இடத்தில் கழுத்து பிறகு திரும்பாது. நீந்துகிறவன் மூச்சுக்காக ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும். மிதிவண்டியில் குனிந்து செல்பவன் மணிக்கணக்கில் கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டும். டான் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். தலையைச் சுற்றி நிற்பதால் அந்த வளையத்துக்கு 'ஹாலோ' என்று பெயர். தெய்வப் படங்களில் தலைக்குப் பின்னே காணும் ஒளிவட்டம் என்பது அதன் பொருள்.

'அசையாதே' என்ற மருத்துவம்

முறிந்த எலும்பை அசையாமல் கட்ட வேண்டும் என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். மரப்பட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் முறையைச் சுசுருதர் கூறுகிறார். நம் நாட்டு எலும்பு வைத்தியர்களின் கட்டிலும் மூங்கில் பத்தைக்கு இன்றும் இடம் உண்டு.

இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891). எலும்பு கட்டும் பரம்பரையில் பிறந்து மருத்துவம் பயின்றவர் அவர். அடிபட்ட உறுப்புக்கு முழுமையான, இடைவிடாத, நெடுநாள் ஓய்வு வேண்டும் என்பது அவர் போதனை. காலை நீட்டி நிறுத்த அவர் செய்த இரும்புச் சட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவரிடம் பயின்ற உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் அதை முதல் உலகப் போரில் புகுத்தினார். தொடையெலும்பு முறிந்த வீரர்களைப் போர்முனையிலேயே அச்சட்டத்தில் கட்டி அனுப்பியதால் எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். 'அசையாதே' என்ற மருத்துவம் உண்மையில் உயிர் காத்த மருத்துவமே.

ஆனால் ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்பதை 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 20 வயதுடைய ஐந்து நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்யப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு அவர்களிடம் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. பிறகு எட்டு வாரப் பயிற்சியால் இழந்ததை மீட்டனர். 30 ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிய வந்தது! நோய் எதுவும் இல்லாத உடலுக்கே இந்த நிலை என்றால், காயமுற்றுப் பல மாதம் கிடப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

'அசை' என்ற மருத்துவம்

எதிர்க்குரல் முன்பே எழுந்திருந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் லூக்கா சாம்பியோனியேர், முறிந்த எலும்புக்கு மெல்லிய அசைவும் நீவுதலும் நன்மை செய்யும் என்று 1895-இல் ஒரு நூலில் வாதாடினார். அதற்கு மூன்று ஆண்டு முன்னர், 1892-இல், ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் ஒரு விதியை வெளியிட்டிருந்தார். எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் உள்ளமைப்பையும் வடிவத்தையும் மாற்றிக்கொள்கிறது என்பதே அது. பாரம் கூடினால் எலும்பு தடிக்கும். பாரம் நீங்கினால் மெலியும். எடையற்ற நிலையில் பல மாதங்கள் வாழும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மெலிவதைக் காணும்போது இவ்விதியின் உண்மை நமக்கு எளிதில் விளங்கும்.

இதைச் செயலில் காட்டியவர் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ். 1950-களில் அவர் உலோக வளையங்களும் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளும் கொண்ட ஒரு சட்டத்தை அமைத்தார். சட்டம் காலுக்கு வெளியே நிற்கும்; கம்பிகள் எலும்பினூடே செல்லும். முறிந்த இடம் உறுதியாக நிற்பதால் நோயாளி அந்தக் காலை ஊன்றியே நடக்கலாம். உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் தாண்டி உலக உச்சத்தை எட்டியவரும், 1964 ஒலிம்பிக் தங்கம் வென்றவருமான வலேரி புருமெல், 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்தார். பல அறுவைகள் பயன் தரவில்லை. 1968-இல் இலிசாரோவிடம் சென்றார். எலும்பு கூடிய பிறகு அவர் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய உயரம் திரும்பவில்லை என்றாலும் கால் திரும்பியது.

இரண்டு விழுக்காட்டின் கணக்கு

'அசையாதே' என்றவரும் 'அசை' என்றவரும் ஒருசேரச் சரியாக இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு 1970-களில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் பெரன் ஒரு கணக்குத் தந்தார். முறிந்த இரு முனைகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அந்த இடைவெளியில் முதலில் இரத்தம் உறைகிறது, அதில் மென்மையான புதுத்தசை வளர்கிறது, அது குருத்தெலும்பாகிறது, இறுதியில் எலும்பாகிறது. புதுத்தசை தன் நீளத்தைப்போல் ஒரு மடங்கு கூடுதலாக நீண்டாலும் அறுவதில்லை. குருத்தெலும்பு 10 விழுக்காடு வரை தாங்கும். எலும்போ 2 விழுக்காடுதான் தாங்கும். அதாவது அந்த 1 மில்லிமீட்டர் இடைவெளி 0.02 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால் அங்கே எலும்பு உருவாகாது.

ஆகவே முறிந்த இடத்துக்குத் தொடக்கத்தில் தேவை அமைதி. ஆனால் அந்த இடத்தைச் சுமந்திருக்கும் மனிதனுக்குத் தேவை அசைவு. புதிய எலும்பு உறுதியானதும் அதற்கும் பாரம் வேண்டும். பாரத்தின் திசையறிந்தே அது தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. ஓரிடத்தை நிறுத்தி மற்றெல்லாவற்றையும் இயங்கவிடும் கருவி எதுவோ அதுவே நல்ல கருவி. ஒளிவட்ட வளையம் அத்தகைய ஒன்று. அது தோன்றிய இடம் விளையாட்டுக்கு வெகு தொலைவில் இருந்தது.

தலை நிற்காத நோயாளிகள்

1950-களில் இளம்பிள்ளை வாதம் அமெரிக்காவைப் பெரிதும் அச்சுறுத்தியது. 1955-இல் சால்க் தடுப்பூசி வந்தது. ஆனால் அதற்குமுன் நோய் கண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் அருகில் டவுனி என்னும் ஊரிலிருந்த ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை, மூச்சுத் தசைகள் செயலிழந்து 'இரும்பு நுரையீரல்' என்னும் பெரிய உருளைக்குள் கிடந்த நோயாளிகளைப் பராமரித்து வந்தது. இவர்களுள் சிலருக்குக் கழுத்துத் தசைகளும் செயலிழந்திருந்தன. தாங்கிப் பிடிக்காவிட்டால் தலை சாய்ந்துவிடும். ஆகவே அவர்களால் உட்காரக்கூட முடியாது.

அங்கே பணியாற்றிய வெர்னான் நிக்கல், ஜாக்குலின் பெரி என்னும் இரு எலும்பு அறுவை மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கழுத்து முள்ளெலும்புகளைப் பிணைத்துவிட்டால் தலை தானே நிற்கும். ஆனால் பிணைப்பு கூடும்வரை கழுத்தை எப்படி நிறுத்துவது? மாவுக்கட்டைத் தாடையைச் சுற்றிப் போட்டால், முன்பே மூச்சுக்குத் திணறும் நோயாளியின் தொண்டையும் வாயும் இறுகிவிடும். எனவே பற்றுக்கோட்டை மண்டையோட்டுக்கே மாற்றினார்கள். புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதிலிருந்து முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு ஆணிகள் மண்டையோட்டின் வெளிப்பலகையை மட்டும் பற்றி நிற்கும். வளையத்திலிருந்து இறங்கும் கம்பிகள் மார்பைச் சுற்றிய மாவுக்கட்டோடு இணையும். 1959-இல் இதை அவர்கள் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர்.

கழுத்து நின்றது, ஆகவே நோயாளி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார முடிந்தது. ஜாக்குலின் பெரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிந்து, அதன்பின் மருத்துவம் பயின்றவர். அசைவின் அருமை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் மனித நடையை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்று, 1992-இல் அத்துறையின் அடிப்படை நூலை எழுதியவரும் அவரே. 2013-இல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். வாத நோயாளிகளுக்காகப் பிறந்த வளையம் விரைவிலேயே கழுத்து முறிந்தவர்களுக்கும் பயன்படத் தொடங்கியது. மாவுக்கட்டின் இடத்தில் இலேசான கவசங்கள் வந்தன. இரும்பு நுரையீரலில் கிடந்தவர்களுக்காக அமைந்த கருவி அறுபது ஆண்டு கழித்து ஓர் 'இரும்பு மனிதன்' தலையில் ஏறியதன் வரலாறு இதுதான்.

வளையத்தோடு மூன்று மாதம்

வளையத்தை அணிவது எளிதன்று. ஆணி பற்றிய இடத்தில் வலி இருக்கும், ஆணி தளரலாம், தோல் சீழ் பிடிக்கலாம். படுத்து உறங்குவது பெரும்பாடு. வயது முதிர்ந்தோருக்கு உணவு விழுங்குவதிலும் மூச்சிலும் தொல்லைகள் நேர்வதால், அவர்களுக்கு மருத்துவர்கள் இதை இன்று மிகத் தயங்கியே பரிந்துரைக்கிறார்கள். டான் மூன்று மாதம் இதோடு வாழ்ந்தார். ஆனால் வெறுமனே காத்திருக்கவில்லை. வளையமும் கவசமுமாகவே உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று நிலை மிதிவண்டியை மிதித்தார். கழுத்துக்குத் தாமஸின் ஓய்வு. காலுக்கும் இதயத்துக்கும் டல்லாஸ் சோதனை கற்பித்த பாடம்.

2018 ஜனவரியில் வளையம் கழன்றது. ஏப்ரல் 16-ஆம் நாள், குளிர்மழையும் எதிர்க்காற்றும் அடித்த பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார். ஜூனில் கோஸ்டாரிகா நாட்டில், முழுத் தொலைவில் பாதியளவுள்ள அயர்ன்மேன் போட்டியில் வென்றார். அக்டோபரில் மீண்டும் கோனா சென்று, தொடக்கக் கோட்டில் நின்றார்.

பல கடிகாரங்கள்

காயத்திலிருந்து மீளும் வீரனுக்கு மிகவும் ஆபத்தான காலம் எது? வலி மிகுந்த முதல் வாரங்கள் என்று நினைப்போம். வலி நீங்கிய பின் வரும் மாதங்களிலும் ஆபத்து குறைவன்று. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரப் பயிற்சியில் தேறிவிடும். தசைக்குச் சில மாதம் போதும். இரத்தம் குறைவாகப் பாயும் தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும். எலும்போ கூடிய பிறகும் பல மாதங்கள், சில வேளை ஆண்டுக் கணக்கில், தன்னைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும். மூச்சு வாங்கவில்லையே என்று வீரன் வேகத்தைக் கூட்டும் நாளில், எலும்பும் நாணும் இன்னும் ஆயத்தமாகியிரா. இரண்டாவது காயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

நெடுந்தொலைவு டிரையத்லானின் மூன்று பகுதிகளும் இந்த இடைவெளியைத் தனித்தனியே சோதிக்கின்றன. நீரில் உடலின் எடை பெரும்பாலும் மறைகிறது. மிதிவண்டியில் எடையை இருக்கை தாங்குகிறது. ஓட்டத்திலோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. மாரத்தானில் இவ்வாறு முப்பதாயிரம் அடிகள் அளவில் வைக்க வேண்டும். ஆகையால் காலில் முறிவு கண்டவர் நீரிலும் மிதிவண்டியிலும் தொடங்கி, ஓட்டத்துக்குக் கடைசியில் வருவது வழக்கம். கழுத்து முறிந்தவருக்கு இந்த வரிசையே மாறிவிடும். நீச்சலில் கழுத்துத்தான் திரும்ப வேண்டும். எந்தக் காயத்துக்கு எந்த வரிசை என்பதைக் காயம்தான் முடிவு செய்கிறது.

2018 அக்டோபர் 13-ஆம் நாள் கோனாவில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 52 நிமிடம் 39 விநாடியில் வென்றார். அந்தப் போட்டியில் எட்டு மணிக்குள் எவரும் முடித்தது அதுவே முதல் முறை. டான் 8 மணி 45 நிமிடம் 17 விநாடியில் முடித்தார், இடம் 36. கழுத்து முறிந்து ஓராண்டே ஆகியிருந்தது. வெற்றிப் பட்டியலைப் பார்ப்பவருக்கு இது ஒரு சாதாரண எண். மருத்துவ வரலாற்றைப் பார்ப்பவருக்கோ, 226 கிலோமீட்டர் தொலைவும் ஒரு கழுத்து தாங்கியது என்பதே செய்தி.

இதைக் கொண்டு, கழுத்து முறிந்த எவரும் ஓராண்டில் ஓடலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. டானின் தண்டுவடம் தப்பியிருந்தது. எலும்பு சரியாகக் கூடியது. வாழ்நாள் முழுவதும் பயிற்சி பெற்ற உடல் அவருடையது. இவற்றில் ஒன்று இல்லாதவருக்கு வேறு வழி, வேறு காலம் தேவைப்படும். ஆயினும் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட பாட்டிக்கும், பள்ளி மைதானத்தில் கையை முறித்துக்கொண்ட மாணவனுக்கும் மருத்துவர் இன்று சொல்வது பெரும்பாலும் இதே பாடம்தான். கட்டுப் போட்ட இடத்தை மருத்துவர் சொல்லும்வரை அசைக்காதே. கட்டுப் போடாத விரல்களை இன்றே மடக்கி நீட்டு. பாரம் ஏற்ற வேண்டிய நாள் வரும்போது அஞ்சாமல் சிறிது சிறிதாக ஏற்று. இந்த எளிய அறிவுரைக்குள் லிவர்பூல் எலும்பு வைத்தியரும், குர்கான் மருத்துவரும், டவுனி மருத்துவமனையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்த நோயாளிகளும் அடங்கியிருக்கிறார்கள்.